வீட்டு முயலைக் கழிவுத் தட்டுக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: நீலவானம்

வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு மாதம் நிரம்பிய ஆண் முயல் ஒன்று வளர்கிறது. கூண்டுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கிறது. கூடத்தில் திறந்துவிட்டால் மட்டும் சோபாவின் மேலும் கட்டில் விரிப்பின் மேலும் ஏறிச் சிறுநீர் கழித்துவிடுகிறது. போகிற இடமெல்லாம் புழுக்கையும் போடுகிறது. கூடத்தின் ஓர் ஓரத்தில் தட்டு வைத்து, பூனைகளுக்கென விற்கப்படும், ஈரம் பட்டால் கட்டியாகிற மண்ணை நிரப்பியிருக்கிறோம். முயல் அதற்குள் இறங்கி மண்ணை வாரி இறைக்கிறதே தவிர, அதில் கழிப்பதில்லை. அதட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வெகுநேரம் வெளியே வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது, தட்டில் எதை நிரப்புவது, கருத்தடை அறுவை செய்தால்தான் பழகும் என்று சொல்லப்படுவது எந்த அளவுக்குச் சரி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: புல்வெளி

முதலில் அந்த மண்ணை இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். முயல் எதையும் கொறித்துப் பார்க்கும், பாதங்களையும் அடிக்கடி நக்கும். அப்படி உள்ளே போகும் மண் ஈரத்தில் கட்டியாகிக் குடலை அடைக்கக்கூடும். முயலுக்கு வாந்தி எடுக்கும் திறன் கிடையாது என்பதால், விழுங்கியதை வெளியே தள்ள அதற்கு வேறு வழியில்லை. அந்த மண்ணின் தூசியும் மூச்சுக்கு ஆகாது. சூட்டில் பதப்படுத்தப்படாத பைன், சீடார் மரச்சீவல்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலிருந்து எழும் வாசனைப் பொருள்கள் முயலின் ஈரலைப் பாதிக்கின்றன. காகிதக் கூழில் செய்த குருணையோ, மணம் சேர்க்காமல் சூட்டில் உலர்த்திய மரக் குருணையோ போதும். அடியில் ஓர் அடுக்கு குருணையும் அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாகக் காய்ந்த புல்லும் பரப்புங்கள்.

இனி, பழக்குவதைப் பற்றி. ஒரே மூலையில் கழிக்கும் குணம் முயலுக்குப் பிறவியிலேயே உண்டு என்பதை உங்கள் கூண்டே காட்டுகிறது. ஆகவே நமக்குப் பிடித்த ஓரத்தில் தட்டை வைத்துவிட்டு முயல் அங்கே வரவேண்டும் என்று காத்திருப்பதைவிட, முயல் தேர்ந்தெடுத்த மூலைக்குத் தட்டைக் கொண்டுபோவதே எளிது. கூண்டுக்குள் அது வழக்கமாக நனைக்கும் மூலையில் ஒரு தட்டை வைத்து, சிறுநீர் ஊறிய காகிதத் துண்டொன்றையும் சில புழுக்கைகளையும் அதில் போட்டுவையுங்கள். தின்பதும் புழுக்கை போடுவதும் முயலுக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள். தட்டில் உட்கார்ந்தபடியே எட்டிக் கடிக்கும்படி புல் கூடையைத் தட்டின் தலைமாட்டில் பொருத்திவிட்டால், பாதிப் பழக்கம் தானாகவே வந்துவிடும். முயல் முழுதாகத் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கும் அளவுக்குத் தட்டு பெரிதாக இருக்கவேண்டும். சந்தையில் முயலுக்கென்று விற்கப்படும் முக்கோண மூலைத் தட்டுகள் வளர்ந்த முயலுக்குப் போதாது.

கூடம் முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். கூண்டைச் சுற்றித் தடுப்பு கட்டிச் சிறிய இடம் மட்டும் கொடுத்து, அங்கே பழக்கம் நிலைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டு போகலாம். கட்டிலும் சோபாவும் அதுவரை எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் மெத்தென்ற பரப்பைக் கண்டாலே சிறுநீர் கழிக்கத் தோன்றும் முயல்கள் ஏராளம். வெளியே உலாவும்போது பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்: மூலையை நோக்கிப் பின்புறத்தைத் திருப்பி, வாலைச் சற்றே தூக்கினால் அடுத்த நொடி சிறுநீர்தான். அந்தக் கணத்தில் முயலைத் தூக்கித் தட்டில் வைத்துவிடலாம். தட்டில் கழித்து முடித்ததும் ஒரு கொத்தமல்லித் தழையைக் கொடுங்கள்.

மறுமொழி 2: வெள்ளைக்காது

மேலே சொன்னவை பெரும்பாலும் சரியே. தூக்கித் தட்டில் வைக்கும் யோசனையோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தூக்கப்படுவது முயலுக்கு, ஏதோ ஒரு வேட்டை விலங்கின் பிடியில் அகப்பட்டதற்கு ஒப்பான அச்சத்தைத் தருவது. திமிறி உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பு முறிந்த முயல்களும் உண்டு. மெல்லக் கைகாட்டித் தட்டின் பக்கமாக ஓட்டிவிட்டால் போதும். அதட்டலும் இதைப் போன்றதே: எதற்காக அதட்டினீர்கள் என்பது அதற்குப் புரிவதில்லை, உங்களைக் கண்டு ஒளிய மட்டுமே கற்றுக்கொள்கிறது.

உங்கள் கேள்வியில் கலந்து நிற்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சிறுநீரை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது எளிது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் உலர்ந்த புழுக்கைகளோ பெரும்பாலும் 'இது என் எல்லை' என்று முயல் போடும் அடையாளம். ஆரோக்கியமான முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கைகள் வரை போடும். அவற்றில் சில வெளியே கிடப்பதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. கூண்டு தனக்கே சொந்தம் என்ற உறுதி ஏற்பட ஏற்பட அந்த அடையாளமிடுதல் குறையும். கூண்டுக்குள் கைவிட்டு முயலை வலுக்கட்டாயமாக வெளியே எடுக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து, அது தானாக வெளியே போன பிறகு சுத்தம் செய்யுங்கள்.

கருத்தடை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாத ஆண் முயலுக்குப் பருவம் வந்துவிட்டது. கட்டிலின் மேல் கழிப்பதில் பெரும்பகுதி அந்த வயதின் வேகம் என்பதால், அறுவைக்குப் பிறகு மிகப் பெரும்பாலான முயல்களிடம் இது தெளிவாகக் குறைகிறது. மாற்றம் உடனே தெரியாது. இயக்குநீர்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பெண் முயலோடு சேர்க்கவும் கூடாது. பெண் முயல் வளர்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம், அதனால் அவற்றுக்கு அறுவையின் பயன் பழக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. முயல்களுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய கால்நடை மருத்துவரையே தேடிப் போங்கள். நாய், பூனைகளைப் போல அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள்; முயலின் குடல் ஓய்ந்திருக்கக் கூடாது.

நீலவானம்

இருவருக்கும் மிக்க நன்றி. மண்ணை மாற்றிவிட்டேன், தடுப்பும் கட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள். காலையில் சில நாள்களில் தட்டில் கருமையாகவும் பளபளப்பாகவும் ஒன்றோடொன்று ஒட்டிய மென்மையான உருண்டைகள் கிடக்கின்றன, வாடையும் வீசுகிறது. தட்டின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவும், எப்போதாவது செம்பழுப்பு நிறச் சிறுநீரும் தென்படுகின்றன. இவை நோயின் அறிகுறிகளா?

மறுமொழி 3: மருதாணி

அந்த ஒட்டிய உருண்டைகள், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பைபோல் இருக்கும் பெருங்குடல்வாயில் நொதித்து வருபவை. அவற்றைப் பின்புறத்திலிருந்து நேரடியாக வாயால் எடுத்து விழுங்குவது முயலின் இயல்பு. உயிர்ச்சத்துகளும் புரதமும் அவற்றின் வழியே மீண்டும் உடலில் சேர்கின்றன. அவை தின்னப்படாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் உணவின் செழுமையே காரணம். குச்சித் தீவனத்தையும் பழத்தையும் குறைத்து, காய்ந்த புல்லை எந்நேரமும் தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், உடல் பருமனாலோ மூட்டு வலியாலோ குனிந்து எடுக்க முடியாமல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வெள்ளைப் படிவு கால்சியம். உணவிலிருந்து உறிஞ்சிய கால்சியத்தில் மிஞ்சியதை முயல் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால் ஓரளவு படிவு இயல்புதான். வினிகரை ஊற்றிச் சற்று ஊறவிட்டால் நுரைத்துக்கொண்டு கரையும், பிறகு துணியால் துடைத்தாலே போய்விடும். மெத்தையில் பட்ட இடத்தையும் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள், வாடை தங்கினால் திரும்பவும் அங்கேயே போகும். ஆனால் சிறுநீரே பற்பசையைப் போலக் குழைந்து வந்தால் அது சிறுநீர்ப்பையில் வண்டல் தேங்குவதன் அறிகுறி, காத்திருக்கக் கூடாது. சீரான செம்பழுப்பு நிறம் பெரும்பாலும் தின்ற தழைகளின் நிறமிகளால் வருவது. வெளிர் சிறுநீரில் சிவப்புத் திட்டுகளாகத் தெரிந்தாலோ, முயல் முக்கி முக்கிக் கழித்தாலோ இரத்தமாக இருக்கலாம்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று தட்டுக்கு வெளியே கழிக்கத் தொடங்கினாலும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று, கல், மூட்டு வலி ஆகியவற்றை முதலில் சோதிக்கவேண்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது புழுக்கையே இல்லாத தட்டு: பன்னிரண்டு மணி நேரமாகப் புழுக்கை விழாமல், தீனியும் எடுக்காமல் முயல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கக்கூடும், விடியட்டும் என்று பார்க்காமல் இரவானாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.