மூணு கண் மதகு: தண்ணீர் எங்கே போச்சு?

வாலாஜா மாப்பிள்ளை:

என் மாமனார் ஊர் வாலாஜாவுக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் நடுவே. கொல்லைக்குப் பின்னால், வேலிகாத்தான் புதருக்குள் பழைய கல் மதகு ஒன்று கிடக்கிறது. மூன்று கண், அதாவது தண்ணீர் போக மூன்று திறப்பு. ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு பக்கமும் கல்லில் காடி வெட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் நடுக்கண்ணில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடும். வலப்பக்கம் குப்பைமேடு. இடப்பக்க வாய்க்கால் பத்தடி போய் மனைப்பிரிவில் முட்டி நிற்கிறது. அங்கேதான் மச்சான் மனை பார்த்திருக்கிறான். ஒரே வாய்க்காலை எதற்கு மூன்றாகப் பிரித்தார்கள்? பெரிசுகளைக் கேட்டால் "அப்பவெல்லாம் பாலாறு ஓடுச்சு" என்பதோடு சரி.

லஸ்கர் மகன்:

எங்க நைனா, அதாவது அப்பா, கால்வாய் லஸ்கர்; மதகைத் திறந்து மூடித் தண்ணீர் பிரித்து விடுகிற வேலை. சின்ன வயசில் அவர் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து இந்த மாதிரி மதகு நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாலாஜா பக்கத்தில் பாலாற்றுக்குக் குறுக்கே உள்ள அணைக்கட்டு 1850-களில் கட்டியது. அது தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணை இல்லை, வருகிற தண்ணீரைத் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. வடகரையில் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி கால்வாய்கள். தென்கரையில் சக்கரமல்லூர், தூசி கால்வாய்கள். இவற்றிலிருந்து ஊர் ஏரிகளுக்குப் பிரிகிற இடங்களில்தான் உங்கள் மூணு கண் மாதிரி மதகுகள் இருக்கும். காடி, பலகை இறக்குவதற்கு. எத்தனை பலகை இறக்குகிறோமோ அந்த அளவுக்குத் தண்ணீர் அடுத்த கண்ணுக்குத் திரும்பும். பலகை ராத்திரியில் காணாமல் போகும், மறுநாள் இரண்டு ஊருக்கும் சண்டை. நைனாவுக்குப் பாதி வேலை பஞ்சாயத்துதான்.

இன்னொன்று. கண்களின் தளம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது. தாழ்ந்த கண் குறைந்த தண்ணீரிலும் ஓடும், உயர்ந்த கண் வெள்ளத்துக்கு. போய் அளந்து பாருங்கள்.

அப்புறம், "பாலாறு ஓடுச்சு" என்பது பாதிதான் உண்மை. அணைக்கட்டுக்கு மேலேயே திருவலத்தைத் தாண்டி வரும் பொன்னை ஆறு பாலாற்றில் சேர்ந்துவிடுகிறது. பாலாறு வேலூர் பாலத்தடியில் வெறும் மணலாகக் கிடக்கும்போதே அணைக்கட்டில் தண்ணீர் தாண்டி விழும். அது சித்தூர்ப் பக்கம் பெய்த மழை. மேற்கே பார்க்காதே, வடக்கே மின்னுகிறதா பார் என்பார் நைனா. நாம் குடித்தது பெரும்பாலும் பொன்னைத் தண்ணீர், பேர் மட்டும் பாலாற்றுக்கு.

வாணியம்பாடி பாய்:

லஸ்கர் மகன் அண்ணே, உங்களுக்குப் பொன்னை இருக்கிறது. மேலே இருக்கிற எங்களுக்கு? 1892-இல் மெட்ராஸும் மைசூரும் போட்ட ஒப்பந்தப்படி மைசூர்க்காரர்கள் மெட்ராஸைக் கேட்காமல் புது அணை கட்டக் கூடாது. ஆனாலும் கர்நாடகத்தில் பாலாற்றின் மேல் உள்ள பேத்தமங்கலம் ஏரி நிறைந்து வழிந்தால்தான் எங்கள் பக்கம் ஈரம். ஆந்திரா வேறு புல்லூர்த் தடுப்பணையை 2016-இல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியது. அதற்குமேல் நம்ம ஆட்களே லாரி லாரியாக மணல் அள்ளி ஆற்றுப் படுகையை இறக்கிவிட்டார்கள். படுகை கீழே போனால் வாய்க்கால் தலைமதகு மேலே தொங்கும், தண்ணீர் எப்படி ஏறும்?

நெமிலி டீச்சர்:

கால்வாய் வெள்ளைக்காரன் காலம், ஏரிகள் அதற்கும் ஆயிரம் ஆண்டு மூத்தவை. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் கல்வெட்டே 'மகேந்திர தடாகம்' என்று அந்த ஏரியைச் சொல்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மன் காலத்தது. அது நிறைந்து கோடி வழியாக வழிந்தால் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் விழும்.

மனை விஷயம்: விற்கிறவர் காட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்ற கணக்கு) புல வரைபடத்தையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் பட்டா வராது.

வாலாஜா மாப்பிள்ளை:

ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு போய்ப் புதரை வெட்டிப் பார்த்தேன். லஸ்கர் மகன் சொன்னது சரி. நடுக்கண் தாழ்வு, இடது கண் அதைவிட ஒரு சாண் உயரம். அப்போ அது வெள்ளத்துக்கான கண். 2021 நவம்பரில் அந்த மனைப்பிரிவில் முழங்கால் தண்ணீர் நின்றதாம், பால்காரர் சொன்னார். விற்கிறவரிடம் வாய்க்கால் எங்கே என்று கேட்டேன். "அதுதான் சார் நம்ம இருபதடி ரோடு" என்றார்.