சைட்மேன்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

போலந்து டிரம்பெட் கலைஞர் தொமாஷ் ஸ்டான்கோ (1942–2018) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘சைட்மேன்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது. ஜாஸில் கச்சேரியும் இசைத்தட்டும் ஒருவர் பெயரில் வரும், அவர் லீடர். அவரோடு வாசிக்க அமர்த்தப்படுபவர்கள் சைட்மேன்கள். ‘பியானோ கலைஞர் மார்ச்சின் வஷிலெவ்ஸ்கி பல ஆண்டுகள் ஸ்டான்கோவின் சைட்மேனாக இருந்தார்’ என்பதை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

—

பக்கவாத்தியக்காரர் என்று எழுதிவிட்டுப் போங்கள் தம்பி. படித்தவுடன் புரியும். நான் மிருதங்கம் வாசிக்கிறவன், என்னை அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை. கையில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வது நம் கலைச்சொல் குழுவுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

—

ஐயா, எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் இந்த ஆட்களின் கதைக்குள் வைத்தால் சொல் உட்கார மறுக்கிறது.

வஷிலெவ்ஸ்கியும் பாஸ் வாசிக்கும் ஸ்வாவோமிர் குர்கியெவிச்சும் 1975இல் பிறந்தவர்கள். கொஷாலின் நகரில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோதே சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிரம்ஸ் வாசிக்கும் மிஹாவ் மிஷ்கியெவிச் 1993இல் வந்து சேர்ந்தார். ‘சிம்பிள் அகூஸ்டிக் டிரியோ’ என்று குழுவுக்குப் பெயரும் இருந்தது. தங்களைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்த ஸ்டான்கோ இந்த மூவரையும் அப்படியே சேர்த்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழுவுக்குள் அவர்தான் வந்து நின்றார். இவர்கள் ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘சோல் ஆஃப் திங்ஸ்’ 2002இல் வெளிவந்தது. அதில் பதின்மூன்று உருப்படிகள். எதற்கும் தனிப் பெயர் கிடையாது, ‘வேரியேஷன்’ ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள்தான்.

கேட்டுப் பாருங்கள். டிரம்பெட் பாட்டுக்குத் தனியாக முன்னே போக, மற்றவர்கள் பின்னால் தொடர்வது போல இருக்காது. பல இடங்களில் டிரம்ஸ் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டே இருக்காது, சிம்பல் என்கிற உலோகத் தகட்டின் மேல் குச்சி உரசும் சத்தமாக அங்கங்கே வந்து போகும். வேகத்தை இழுப்பதும் விடுவதும் நால்வர் கையிலும் இருக்கிறது. ஸ்டான்கோ ஒரு சுரத்தைக் காற்று கலந்து கரகரப்பாக ஊதி நிறுத்துவார். அதை எங்கே கொண்டுபோவது என்பதைப் பியானோ தீர்மானிக்கும்.

தொண்ணூறுகளில் அவருக்குச் சொந்தப் பற்கள் போய்விட்டன. டிரம்பெட் வாசிப்பவருக்குப் பல் போனால் உதட்டை வைக்கும் விதமே போய்விடும். திரும்பப் பாடம் பண்ணி வாசிப்பைப் புதிதாக அமைத்துக்கொண்டார். இந்தப் பையன்களோடு வாசித்த காலமும் ஏறக்குறைய அதுதான். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சொல் விவாதத்துக்கு இது தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைட்மேன் என்பது வாத்தியத்தைப் பொறுத்ததல்ல, யார் பெயரில் பதிவு என்பதைப் பொறுத்தது. 1965இல் பதிவான ‘அஸ்டிக்மாட்டிக்’ தட்டில் ஸ்டான்கோவே சைட்மேன், லீடர் பியானோ வாசித்த கிஷ்டோஃப் கொமேதா. 1997இல் அதே கொமேதாவின் இசையை வைத்து ‘லிட்டானியா’ வந்தபோது ஸ்டான்கோ லீடர். வஷிலெவ்ஸ்கி உள்ளிட்ட மூவரும் 2005இல் ‘டிரியோ’ என்று தங்கள் பெயரிலேயே ஈசிஎம்மில் தட்டு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ‘லொன்டானோ’வில் மறுபடியும் சைட்மேன்கள். டிரம்பெட்டைப் பக்கவாத்தியம் என்று சொன்னால் கொமேதா தட்டுக்குப் பொருந்தலாம், அடுத்த தட்டில் இடிக்கும்.

என் பரிந்துரை: உடனிசைஞர்.

—

> வாத்தியத்தைப் பொறுத்ததல்ல

இதை ஜாஸுக்கு மட்டும் உரியதாகச் சொல்வது சரியில்லை தம்பி. லால்குடி ஜெயராமன் பெரிய வித்துவான்களுக்குப் பக்கவாத்தியமும் வாசித்தார், தனிக் கச்சேரியும் செய்தார். அதே வயலின்தான். எங்கள் பக்கமும் கச்சேரியைப் பொறுத்துத்தான் பேர். மிருதங்கக்காரன் தாளத்தைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வருவான் என்று நினைத்தால், நாங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது வந்து உட்காருங்கள்.

—

குறுக்கே ஒரு வார்த்தை. ‘துணையிசைஞர்’ என்று யாரும் கொண்டுவந்துவிடாதீர்கள். துணை நடிகர் என்ற சொல் என்ன பாடுபடுகிறது என்று பார்த்திருக்கிறோம். துணை என்று போட்டும் மரியாதை குறையாதவர் துணைவேந்தர் ஒருவர்தான்.

உடனிசைஞரில் எனக்கு ஒரு சந்தேகம். உடன்பிறந்தார் என்றால் அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனும். இரண்டு பக்கமும் ஓடுகிற சொல் அது. அப்படியானால் ஸ்டான்கோவும் வஷிலெவ்ஸ்கியின் உடனிசைஞர்தானே? லீடர் யார் என்பது சொல்லில் எங்கே இருக்கிறது?

—

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. சொல்லுக்குள் அது இல்லை, வாக்கியத்தில்தான் வர வேண்டும். ‘ஸ்டான்கோவின் நால்வர் குழுவில் வஷிலெவ்ஸ்கி உடனிசைஞர்’ என்று எழுதினால் தலைமை யாருடையது என்பது வந்துவிடுகிறது. கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி விளக்கம் தரலாம்: ‘மற்றொருவர் பெயரில் நடக்கும் கச்சேரியிலோ பதிவிலோ வாசிக்க அமர்த்தப்படும் இசைஞர்.’ அமர்த்தப்படும் என்பது முக்கியம், சம்பளம் யார் கையில் என்பதும் இதில் அடக்கம்.

இரண்டு பக்கமும் ஓடுவது இந்தக் குழுவைப் பொறுத்தவரை எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. ஸ்டான்கோ கடைசி வரை இளையவர்களோடுதான் வாசித்தார். 2013இல் வந்த ‘விஸ்வாவா’ தட்டில் பியானோ வாசித்த கியூபாக்காரர் டேவிட் விரெயஸ் 1983இல் பிறந்தவர். அவரைச் சீடர் என்றும் சொல்ல முடியாது.

லால்குடி உதாரணத்துக்கு ஐயாவுக்கு நன்றி. கர்நாடக இசைக்குப் பக்கவாத்தியம் அப்படியே இருக்கட்டும், அதன்மேல் கை வைக்கவில்லை. ஜாஸுக்கு வேறு சொல் கேட்பதற்குக் காரணம், பக்கவாத்தியம் என்றதும் நடுவில் ஒரு பாடகரும் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் வாசகர் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

லீடருக்குக் குழுத்தலைவர் போதும். ‘நடத்துநர்’ என்றால் டிக்கெட் கொடுக்க வந்துவிடுவார்.

கட்டுரையில் இந்தச் சொல் தேவைப்படாத இடம் ஒன்றே ஒன்று. 1980இல் ஸ்டான்கோ இந்தியாவுக்கு வந்து தாஜ்மகாலிலும் மகாராஷ்டிரத்துக் கார்லா குகைகளிலும் தன்னந்தனியாக டிரம்பெட் வாசித்துப் பதிவு செய்தார். அங்கே கட்டடத்தின் எதிரொலிதான் கூட வாசித்தது.

வேறு மறுப்பு இல்லையென்றால் உடனிசைஞரை விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து, வேகத்தை இழுத்தும் விட்டும் வாசிப்பதைக் குறிக்கும் ‘ருபாட்டோ’ காத்திருக்கிறது, அதற்குத் தனி மடல் போடுகிறேன்.

அன்புடன்.