பாலிபுரொப்பிலீனில் ஹாலஜன் இல்லாத தீத்தடுப்பான்: எரிசொட்டு நிற்கவில்லை, உதவி தேவை

கலவைக்கூடம்:
வணக்கம். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் புரோமின் (ஹாலஜன் தனிமங்களில் ஒன்று) வகைத் தீத்தடுப்பானைக் கைவிட்டு, அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால், மெலமைன் மூன்றும் சேர்ந்த தீத்தடுப்பானுக்கு மாறியிருக்கிறோம். எடையில் 25 விழுக்காடு சேர்த்தும் யூஎல் 94 தீப்பற்றல் சோதனையில் எரியும் சொட்டு விழுந்து கீழே வைத்த பஞ்சு பற்றிக்கொள்வதால், வி-2 தரத்துக்கு மேல் போக முடியவில்லை. வாடிக்கையாளர் சொட்டால் பஞ்சு பற்றவே கூடாத, உயர்ந்த வி-0 தரம் கேட்கிறார். அவசரம்.

ஊசிவார்ப்பு:
சோதனைப் பட்டையின் தடிமன் என்ன? 3.2 மி.மீ.யில் தேறும் கலவை 1.6 மி.மீ.யில் தோற்பதுண்டு. எக்ஸ்ட்ரூடரின் (உருக்கிக் கலக்கும் இயந்திரம்) வெப்பநிலையையும் எழுதுங்கள்.

ஈரம்பார்:
உங்கள் அம்மோனியம் பாலிபாஸ்பேட் இரண்டாம் படிக வகையா? முதல் வகை நீரில் கூடுதலாகக் கரையும். என் கணிப்பில் ஈரம்தான் காரணம்.

மூத்தவன்:
அரிச்சுவடி தெரியாமலே வி-0 கேட்டு வந்துவிடுகிறார்கள். 0.3 விழுக்காடு டெஃப்லான் தூள் சேருங்கள், சொட்டு அடங்கும்.

ஊசிவார்ப்பு:
டெஃப்லானில் உள்ள ஃபுளூரினும் ஹாலஜன்தானே, ஐயா?

மூத்தவன்:
ஹாலஜன் இல்லாதது என்பதை வரையறுக்கும் ஐஈசி 61249-2-21 தரநிலையைப் படியுங்கள். குளோரின் 900 பிபிஎம் (பத்து லட்சத்தில் 900 பங்கு), புரோமின் 900 பிபிஎம், இரண்டும் சேர்ந்து 1500 பிபிஎம் என்பதே வரம்பு. அதில் ஃபுளூரின் கணக்கில் வராது.

ஊசிவார்ப்பு:
அது மின்சுற்றுப் பலகைகளுக்கான தரநிலை. வாடிக்கையாளர் ஃபுளூரினையும் சேர்த்துச் சோதித்தால் சரக்கு திரும்பி வரும்.

கரிப்படலம்:
டெஃப்லானுக்கு முன் கரியைப் பாருங்கள். எரிந்த முனை பூரிபோல் உப்பியிருக்கிறதா? கலவையில் வேறு என்ன இருக்கிறது?

கலவைக்கூடம்:
1.6 மி.மீ., ஹோமோபாலிமர் (புரொப்பிலீன் மட்டுமே கொண்ட வகை), 200 பாகை, இரண்டாம் வகை பாஸ்பேட். விலைக்காகச் சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) ஃபில்லர் மாஸ்டர்பேட்ச், அதாவது நிரப்பித் தூள் செறிந்த குருணை, 10 விழுக்காடு. கரி உப்பவில்லை; வெளிறிய மெல்லிய ஓடாக வெடித்து, அந்த வெடிப்பின் வழியே உருகல் ஒழுகுகிறது.

கரிப்படலம்:
சிக்கல் அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. பாஸ்பேட் சூட்டில் சிதைந்து தரும் பாஸ்பாரிக் அமிலம் பென்டாஎரித்ரிட்டாலிலிருந்து நீரைப் பறித்துக் கரியாக்க, மெலமைன் தரும் வாயு அக்கரியை நுரைக்கச் செய்ய வேண்டும். கால்சியம் கார்பனேட்டோ அந்த அமிலத்தைப் பிடித்துக் கால்சியம் பாஸ்பேட்டாக மாற்றிவிடுவதால், கரியாவதற்கு அமிலம் மிஞ்சுவதில்லை. தீத்தடுப்பானைக் கூட்டுவது வீண்செலவு. முதலில் ஃபில்லரை நீக்கிவிட்டு ஒரு தொகுதி வார்த்துப் பாருங்கள்.

ஈரம்பார்:
இருந்தாலும் உலர்த்திவிட்டே வாருங்கள்.

கலவைக்கூடம்:
ஃபில்லரை நீக்கினோம். கரி நன்றாக உப்புகிறது, பஞ்சு பற்றவில்லை. 1.6 மி.மீ.யில் வி-0. மிக்க நன்றி.

ஊசிவார்ப்பு:
மகிழ்ச்சி. யூஎல் 94 கேட்கிறபடி 70 பாகையில் 168 மணி நேரம் வைத்த பட்டைகளும் தேறினவா?