ஜான் ஸ்டூவர்ட்: மோஹாக்குகளின் பாதிரியாரா, மன்னரின் ஆளா?

பழங்கணக்கு:
அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற பாதிரியார்களை ‘துரோகி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஜான் ஸ்டூவர்ட்டைப் பாருங்கள். 1770-இல் லண்டனில் குருப்பட்டம் பெற்று, நியூயார்க்கின் ஃபோர்ட் ஹன்டரில் மோஹாக் பழங்குடி மக்களிடம் ஊழியம் செய்தவர். அனுப்பியது எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம். (கால்டுவெல் பின்னாளில் சேர்ந்த அதே சங்கம்தான்.) போர் வந்ததும் கிளர்ச்சிக்காரர்கள் அவர் கோயிலைச் சூறையாடி, சாராயக் கடையாக்கி, ஜெபம் வாசிக்கும் மேடையிலேயே ரம் பீப்பாயை வைத்தார்கள். பிறகு அதுவே குதிரை லாயம். அவரை ஷெனெக்டடி என்ற ஊரை விட்டு நகரவிடவில்லை. 1781-இல் கைதிப் பரிமாற்றத்தில் கனடா போய் நியூயார்க் ராஜ விசுவாசப் படையின் குருவானார். வேறென்னதான் செய்வார்?

கொக்கிக்குறி:
நல்லா கேட்டீங்க. முந்தைய வருடம்தான் அந்தப் படை மோஹாக் பள்ளத்தாக்கில் புகுந்து, அவருக்குத் தெரிந்த ஜனங்களின் களஞ்சியங்களை எரித்தது. அதில் போய்ச் சம்பளம் வாங்கினார்.

பழங்கணக்கு:
துப்பாக்கி தூக்கவில்லையே! பட்டம் வாங்கும்போதே மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர். வழிபாட்டு நூலில் மன்னருக்கான ஜெபம் இருக்கிறது. 1776-க்குப் பிறகு அதைச் சொன்னாலே வம்பு. பல பாதிரியார்கள் கோயிலையே பூட்டினார்கள்.

கொக்கிக்குறி:
பிலடெல்பியாவின் வில்லியம் வைட்டும் இங்கிலாந்தில் அதே பிரமாணம் எடுத்தவர்தான். அவர் மன்னரை எதிர்த்த அமெரிக்கக் காங்கிரசுக்கே குருவாக இருந்தார், 1787-இல் பிஷப்பும் ஆனார். ஆக, பிரமாணம் யார் கையையும் கட்டவில்லை. இன்னொன்று: கனடா போகும்போது தன் கறுப்பின அடிமைகளையும் ‘சொந்த உடைமை’ என்று கணக்குச் சொல்லிக் கூட்டிப்போனவர் உங்கள் ஸ்டூவர்ட்.

பழங்கணக்கு:
அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் பேச்சு விசுவாசத்தைப் பற்றி.

மேகலை:
மோஹாக்குகளை இரண்டு பேரும் எங்கே விட்டீர்கள்? மாற்கு சுவிசேஷத்தை அவர்கள் மொழியில் கொண்டுவந்தது மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட். ஸ்டூவர்ட் கூட இருந்து உதவினார். 1787-இல் லண்டனில் அச்சான நூலில் பிராண்டின் பெயர்தான். மன்னருக்காகப் போரிட்டு ஊரையே இழந்தவர்களைப் பற்றி போரை முடித்த 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இங்கிலாந்தின் ஆன் மகாராணி அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவர்களும் அவர்களே. பாதிரியாரோ 1785-இல் கனடாவின் கிங்ஸ்டனில் வெள்ளைக் குடியேறிகள் நடுவே குடிபுகுந்தார்.

பழங்கணக்கு:
1788-இல் மோஹாக்குகள் குடியேறிய கிராண்ட் ரிவர் வரை போய்ப் பார்த்தாரே?

மேகலை:
பார்த்தார், திரும்பினார். 1811-இல் சாகும்வரை அவர் சபை கிங்ஸ்டனில்தான்.