மறுமொழி: ‘தன்னெரிவு’ போதாது, ‘வெறுமேனித் தீப்பற்றல்’ என்போமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

உயர் அழுத்த ஆக்ஸிஜனில் டைட்டானியம் என்ற உலோகம் திடீரெனத் தீப்பற்றுவதைக் குறிக்கத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நேற்று முன்மொழியப்பட்ட ‘தன்னெரிவு’ (தானே எரிதல்) சுருக்கமான, நல்ல சொல். வைக்கோல் போருக்கு அது மிகப் பொருந்தும். ஈரம் காயாமல் அடுக்கிய போர் உள்ளுக்குள் புழுங்கி, நாள்கணக்கில் சூடேறி, ஒருநாள் புகையத் தொடங்கும். நிலக்கரிக் குவியலும் அப்படித்தான். சூடு உள்ளேயே பிறப்பதால் ‘தன்’ என்பது சரி.

ஆனால் நாம் பேச வந்தது டைட்டானியத்தைப் பற்றி. கட்டியான டைட்டானியத்தைச் சாதாரணக் காற்றில் பற்றவைக்க ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேல் சூடு வேண்டும். அதே உலோகம், வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு அழுத்தமுள்ள தூய ஆக்ஸிஜனில், அறை வெப்பநிலையிலேயே, முறிந்த கணத்தில் தீப்பற்றிவிடும். அதுவரை அதைக் காத்தது சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம். முறிந்த இடத்தில் அந்தத் தோல் இல்லை. ஆக்ஸிஜன் பாய்ந்து புதுத்தோல் கட்டும் வேகத்தில் எழும் வெப்பமே உலோகத்தை உருக்கிவிடுகிறது. உருகியதன்மேல் எந்தத் தோலும் நிலைக்காது, ஆக்சைடு உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடும். தங்கத் தாதுவை ஆக்ஸிஜன் செலுத்திப் பதப்படுத்தும் உயர் அழுத்தக் கலன்களில் டைட்டானியம் வால்வுகளும் குழாய்களும் எரிந்திருக்கின்றன.

இதைத் ‘தானே எரிந்தது’ என்று எழுதினால், குழாய் பொருத்துகிறவர் தம்மால் தடுக்கக்கூடியது ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். பாதுகாப்புக் கையேட்டில் வரப்போகும் சொல் காரணத்தை மறைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘பைரோபோரிக்’ (காற்றுப் பட்டதுமே தீப்பற்றுவது) என்பதையும் இதனோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். கிரேக்க மூலத்தில் அதற்குத் ‘தீயைச் சுமப்பது’ என்று பொருள். இரும்பு ஆக்சலேட்டைச் சோதனைக் குழாயில் காற்றுப் புகாமல் சூடாக்கினால் ஒரு கரும்பொடி மிஞ்சும். குழாயைக் கவிழ்த்தால் அது தரையைத் தொடுமுன் பொறிபொறியாக உதிரும். அங்கே துகளின் நுண்மைதான் காரணம்: பரப்பு மிகுதி, சூட்டை உறிஞ்ச உடல் இல்லை. அதற்குக் ‘காற்றுபடு தீப்பற்றல்’ என்பது என் பரிந்துரை.

டைட்டானியத்தில் ஆக்சைடு தோல் இல்லாத வெறும் பரப்பு தீப்பற்றுவதால், அதற்கு ‘வெறுமேனித் தீப்பற்றல்’. ‘மேனி உயிருள்ளவற்றுக்குத்தானே?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். மேனிக்கு நிறம், அழகு என்ற பொருள்களும் உண்டு. மண்ணெண்ணெய்க்குள்ளிருந்து எடுத்த சோடியத்தைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் வெள்ளிபோல் ஒரு பளபளப்பு தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிச் சாம்பல் பூத்துவிடும். வகுப்பில் அதைக் காட்டும்போதெல்லாம் என் வாயில் வந்த சொல் ‘மேனி’தான்.

இன்னொரு வசதியும் உண்டு. நாம் ஆக்ஸிஜன் என்கிறோம், உயிர்வளி என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் அது ஒட்சிசன். இந்தச் சொல்லில் அந்தப் பெயரே வராததால் இரு கரையிலும் மாற்றமின்றிப் புழங்கலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘உயர் அழுத்த ஆக்ஸிஜன் குழாய்களில் டைட்டானியம் வால்வு பொருத்தக் கூடாது, முறிந்தால் வெறுமேனித் தீப்பற்றல் நேரும்.’ ஆலையில் வேலை செய்யும் நண்பர்கள் இதை உரக்கப் படித்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள்.