பக்கிங்காம் கால்வாயில் மீண்டும் படகு ஓடுமா?

கேள்வி: மயிலாப்பூரில் பறக்கும் ரயில் தூண்களுக்கிடையே கறுத்துத் தேங்கியிருக்கும் இக்கால்வாய், 2008-இல் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. நகருக்குள் இதை மக்கள் பயன்பாட்டுக்கு மீட்பது நடைமுறையில் இயலுமா என்று விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: 1806-இல் எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் பிற்பாடு வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. நீங்கள் குறிப்பிடும் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைப்பதற்காகத் தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற அந்த வழியில்தான் இன்று ரயில் தூண்கள் ஊன்றப்பட்டு, அகலம் வெகுவாகக் குறுகிவிட்டது. ஆகவே அங்கே சரக்குப் படகு என்பது வெறும் பேச்சு.

பதில் 2: படகு இருக்கட்டும், முதலில் சாக்கடையை நிறுத்த வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டி வெட்டப்பட்ட இக்கால்வாயில் ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமே, நீரை அசைக்கிறது. முகத்துவாரங்களில் மணல் மேடிட்டால் அந்த ஓட்டமும் நின்றுவிடும். கழிவுநீர்க் குழாய்களைத் திருப்பிவிடாமல் தூர் வாருவது, ஒப்பந்ததாரருக்கு மட்டுமே பயன்படும்.

பதில் 3: சோழிங்கநல்லூருக்குத் தெற்கே கால்வாய் இன்னமும் அகலமாக உள்ளது. முட்டுக்காடு வரை கரையோர நடைபாதையும் சிறு படகுகளும் சாத்தியமே. ஆனால் மழைக்காலத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக இதில்தான் வடிகிறது என்பதால், படித்துறை கட்டுகிறோம் என்று கரையைக் குறுக்கிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் தெற்குப் பகுதியைப் பற்றி மட்டும் மனு எழுதுகிறேன்.