மின்னும்போது மட்டும் 2 மீட்டரில் டோன்: மின்னலில் பட்டு வருகிறதா?

மலைக்கோட்டை:
ஓஎம்களே (ஹாம் வானொலி நண்பர்களே), ஒரு சந்தேகம். நான் திருச்சி, நண்பர் பெங்களூரு. நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ. 144 மெகாஹெர்ட்ஸில் (அதுதான் 2 மீட்டர்) அவர் கேரியர், அதாவது பேச்சில்லாத வெறும் அலை, விடுவார். நான் யாகி ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி, அந்த அலை டோனாகக் கேட்கும் எஸ்எஸ்பி முறையில் கேட்பேன். வழக்கமாக வெறும் இரைச்சல்தான். நேற்று சாயங்காலம் சேலம் பக்கம் கோடை இடி. ரிசீவரில் மின்னலின் ஒவ்வொரு ‘படபட’ இரைச்சலுக்கும் பின்னால் அரை விநாடி டோன் எட்டிப் பார்த்தது. மின்னல் அலையைச் சிதறடிக்குமா, இல்லை என் ரிசீவர் உளறுகிறதா?

பழைய வால்வு:
அவரைக் கேரியரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் டோன் வந்தால் ரிசீவர்தான். விமானத்தில் பட்டு வருவதாகவும் இருக்கலாமே?

ஒயர் ஆன்டெனா:
விமானம் என்றால் பல விநாடிகள் நிற்கும், சுருதியும் மெல்ல நழுவும். எரிகல்லில் பட்டு வருவதும் இல்லை என்றே நினைக்கிறேன். அதன் தடம் 100 கி.மீ. உயரத்தில், உங்கள் தூரத்துக்கு யாகியை 36 டிகிரி தூக்கிப் பார்க்க வேண்டும். மின்னலோ 10 கி.மீ. உயரத்தில், நடுவழியில், தொடுவானத்துக்கு மேல் 4 டிகிரிகூட இல்லை. படுத்திருக்கும் யாகிக்கு நேர் எதிரே!

மின்னல் பாதையில் காற்று 30,000 டிகிரி வரை சூடாகி, எலக்ட்ரான்கள் அடர்ந்து, பல கி.மீ. நீளக் கம்பிபோல ஆகிவிடும். அதில் பட்டுத்தான் அலை சிதறுகிறது. ஆறியதும் கம்பி மறைந்துவிடும். அதே பாதையில் அடுத்த வெட்டு பாய்ந்தால் மறுபடி உயிர் பெறும். அரை விநாடிக் கணக்கு அங்கிருந்துதான். ரேடார்காரர்கள் இந்த எதிரொலியை 1950களிலேயே பார்த்தவர்கள். ‘படபட’ மட்டும் வேறு சங்கதி, அது மின்னலே ஒலிபரப்புவது.

பழைய வால்வு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடி உங்கள் ஊருக்கு வந்தால் கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) கழற்றி வெளியே போட்டுவிடுங்கள் தம்பி. ரிக்கை (ரேடியோவை) ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

மலைக்கோட்டை:
இன்று தர்மபுரி பக்கம் மறுபடி இடி. கேரியர் இல்லாதபோது ‘படபட’ மட்டும். போட்டதும் டோன் வந்தது, அதுவும் எல்லா மின்னலுக்கும் இல்லை. இதில் பேச முடியுமா?

ஒயர் ஆன்டெனா:
குரல் தேறாது. எரிகல் சிதறலுக்கு வைத்த எம்எஸ்கே144 என்ற டிஜிட்டல் முறையைப் போட்டுப் பாருங்கள். அதன் ஒரு செய்தி 72 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும்.

மலைக்கோட்டை:
இரண்டு பக்கமும் நிறுவியாச்சு. வானம்தான் வெளுத்துக் கிடக்கிறது. 73 (வாழ்த்துகள்).